லூர்தம்மாளின் இரண்டு கரண்டிகள்

அந்த இரண்டு கரண்டிகளும் லூர்தம்மாளுடையவை, சார். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இந்த வேலை அந்த வேலை என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. விசாரணை முடிந்த பிறகு யாராவது ஒரகடம் பக்கம் போனால் அவரிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள். ஒன்று சாம்பார்க் கரண்டி, மற்றது ரசக் கரண்டி. காம்பு இரண்டும் ஒரே நீளம், அதனால்தான் கேட்டு வாங்கினோம்.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். நிலாவோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொன்னால் போதும் என்றீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பழைய இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே தெரு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அவளுடைய அப்பா நாகப்பன் கார் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகிற ஷிப்ட் பஸ் ஓட்டினார். அம்மா மரகதம் இன்னொரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்தார். என் அப்பா தசரதனுக்கு நிலம் இருந்தது. அது சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தில் ஒரு மாடி வீடு கட்டினார், மீதியில் என்னை விமானம் ஓட்டப் படிக்க வைத்தார்.

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது நன்றாகத் தாழ்ந்துவிடும். மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்து, பைலட் ஆவேன் என்று முதலில் சொன்னது நான். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம். நிலா என்னோடு பல்லாங்குழி ஆட வந்தவள். "இன்னாடி பெரிய வேல? எங்கப்பா பஸ் ஓட்றாரு, நீ அத மேல ஓட்டப்போற, அவ்ளோதானே" என்று சிரித்தாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், சார். ஆசை என்னுடையது. அவள் துணைக்கு வந்தவள்.

அவள் படிக்க அரசாங்க உதவித்தொகை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்ததும் நான்தான். ஊரில் எல்லோரும் என்னைத் தங்கமான பெண் என்றார்கள். உண்மையில் விமானம் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி இருந்த அவ்வளவு தூரத்தில் போய்த் தனியாக ஹாஸ்டலில் இருக்க எனக்குப் பயம். தெரிந்த முகம் ஒன்று வேண்டியிருந்தது. அவள் வந்தாள், என்னைவிட முன்னதாகத் தனியாகப் பறந்தாள், என்னைவிட முன்னதாக லைசென்ஸ் வாங்கினாள். வாங்கிய அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு சின்னச் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் இந்தக் கம்பெனியில் இருவருக்கும் ஒரே நாளில் வேலை கிடைத்தது. ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 'வானத்தை வசமாக்கிய எங்கள் ஊரின் முதல் பெண் விமானி' என்று நிலாவின் படம், ஆள் உயரத்துக்கு. பேனர் செலவில் என் அப்பாவும் பங்கு கொடுத்திருந்தார், அதனால் என் படத்தையும் போட்டிருந்தார்கள். கீழே, 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' வரிசையில், பந்தல் கான்ட்ராக்டருக்கும் மொபைல் கடைக்காரருக்கும் நடுவில். அடித்துக் கொடுத்த பையன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று அப்பா சமாதானம் சொன்னார். மழையில் கிழியும்வரை தினமும் அதைத் தாண்டித்தான் போனேன்.

வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் எரிய நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிற இடத்தில் அதைப் பொறாமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கம்பெனியின் பயிற்சிக்கூடம் ஒரகடத்தில், டயர் குடோனுக்கும் பெயின்ட் கம்பெனிக்கும் நடுவில். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு ஃபேக்டரிதான். உள்ளே சிமுலேட்டர் நிற்கும். தரையை விட்டுக் கிளம்பாத காக்பிட் அது. ஆனால் உட்கார்ந்து கதவை மூடிவிட்டால் மழை, இடி, எஞ்சின் தீப்பிடிப்பது எல்லாம் வரும். அங்கே ஆளுக்கொரு ஜோடி உண்டு. பயிற்சி முடியும்வரை அதே ஜோடிதான். எங்களை ஜோடியாகப் போட்டார்கள். நிலா குதித்தாள்.

வீட்டில் படிக்க முடியாது என்று பக்கத்திலேயே அறை எடுத்தோம். கீழே லூர்தம்மாளின் மெஸ். ஷிப்ட் விடும் நேரத்தில் நான்கைந்து கம்பெனிச் சட்டைகள் ஒன்றாக நின்று சாப்பிடும். மாடியில் எங்கள் அறைச் சுவரில் காக்பிட்டின் படத்தை முழு அளவில் அச்சடித்து ஒட்டினோம். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஒரு ஷூ பெட்டி, அதில் வெட்டிய பள்ளத்தில் இந்த இரண்டு கரண்டிகள். எல்லாப் பைலட்டுகளும் வீட்டில் இப்படித்தான் பழகுவார்கள், நாற்காலியில் உட்கார்ந்து காற்றில் கைகளை ஆட்டி. லூர்தம்மாள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்ப்பார். "சமைக்கிறீங்களா, ஓட்றீங்களா? ஒண்ணுமே புரியலியேம்மா" என்பார்.

கரண்டிகள் எதற்கு என்றால், எங்கள் விமானத்துக்கு இடது பக்கம் ஒரு எஞ்சின், வலது பக்கம் ஒரு எஞ்சின். இடதின் லீவருக்குச் சாம்பார்க் கரண்டி, வலதின் லீவருக்கு ரசக் கரண்டி. கிளம்பும்போது ஒன்று நின்றுபோனால் மற்றதை வைத்துக்கொண்டு ஏறி, சுற்றி வந்து இறங்கிவிடலாம். நின்றுபோனதன் லீவரை மட்டும் இழுத்து அதை அணைத்துவிட வேண்டும். பதற்றத்தில் யாரும் நல்ல எஞ்சினை அணைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் லீவரில் கை வைத்து, எந்தப் பக்கம் என்று சொல்வார். இழுக்க மாட்டார். மற்றவர் அந்தக் கையைப் பார்த்து, கருவிகளைப் பார்த்து, 'கன்ஃபர்ம்' என்பார். அதன் பிறகுதான் இழுக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் சொல்வது எல்லோருக்கும் புரிய வேண்டும்.

நிலா பிறவியிலேயே இடக்கைக்காரி. சின்ன வயதில் இடது கையால் சோற்றைத் தொட்டால் மரகதம் அத்தை கரண்டிக் காம்பால் புறங்கையில் ஒன்று வைப்பார். எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கைக்கு மாறியது. ஆனால் அந்த அடியில் ஒரு குழப்பம் அவளுக்குள் தங்கிவிட்டது. திடீரென்று யாராவது "வலது பக்கம் திரும்பு" என்று கத்தினால் இடது பக்கம் திரும்புவாள். பள்ளியில் டிரில் மாஸ்டர் அவளை வரிசையின் கடைசியில்தான் நிறுத்துவார். ஒரு மூச்சு நேரம் கொடுத்தால் சரியாகச் செய்துவிடுவாள். அந்த ஒரு மூச்சுதான் அவளுக்கு வேண்டும்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும், சார். எந்தத் தேர்விலும் இது தெரியவராது. அவளே அறைக்கு வந்த முதல் வாரத்தில் என்னிடம் சொன்னாள்: "சசி, எஞ்சின் ஃபெயிலியர்ல மட்டும் நீ அவசரப்படாத. நிதானமா பாத்து கன்ஃபர்ம் சொல்லு. அதுக்குள்ள நான் என் கயித்தப் பாத்துக்குவேன்." இடது மணிக்கட்டில் வல்லக்கோட்டை முருகன் கோயில் கயிறு கட்டியிருந்தாள். கயிறு இருக்கும் பக்கம் இடது. அவள் ஏற்பாடு அவ்வளவுதான். "நான் பாத்துக்குறேன்டி" என்றேன்.

சிமுலேட்டரில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வேறாகிவிட்டது. துணை விமானி உட்காருவது வலது இருக்கையில். லீவர்கள் நடுவில். அதனால் இடது கையால்தான் அவற்றைப் பிடிக்க வேண்டும். எனக்கு இடது கை என்றால் பல் தேய்க்கக்கூட வராது. அவளுக்கோ அடித்து ஒடுக்கி வைத்திருந்த கை விடுதலையாகிவிட்டது. எங்கள் பயிற்றுநர் கேப்டன் கண்ணப்பன் ரிட்டயர்டு ஏர்ஃபோர்ஸ்காரர், சுலபத்தில் பாராட்ட மாட்டார். இரண்டாவது வகுப்பிலேயே, "இந்தப் பொண்ணு கையப் பாருங்க. இது படிச்சு வர்றது இல்ல" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ அவகிட்ட கத்துக்கோம்மா" என்றார்.

சோற்றைத் தொட விடாத கை. அதைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள வேண்டும். அன்று மாலை திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவள் பாடிக்கொண்டே வந்தாள்.

முதலில் கயிறு. சீருடை விதியில் மணிக்கட்டில் கயிறு கட்டக் கூடாது என்று இருக்கிறது. நான் விதியைக் காட்டினேன், அவ்வளவுதான். மற்றவர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டால் அவளுக்குத்தானே கெட்ட பெயர். அவளே கத்தரித்து சாமி படத்தில் மாட்டினாள். "நீ சொல்லலன்னா மாட்டிகினு இருப்பேன்" என்று நன்றி சொன்னாள்.

பிறகு கரண்டிகள். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் பழகுவோம். நான் திடீரென்று மேசையைத் தட்டி, "வலது ஃபெயிலியர்" என்பேன். அவள் ரசக் கரண்டியில் கை வைத்துச் சொல்வாள். நான் கன்ஃபர்ம் என்பேன். ஆரம்பத்தில் பார்த்துத்தான் சொன்னேன். அப்புறம் கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னேன். அப்புறம் அவள் வாயை மூடுவதற்குள் சொன்னேன். அவள் தப்பான கரண்டியில் கை வைத்தாலும் சொன்னேன். இழுத்த பிறகு "அய்யய்யோ தப்புடி" என்று இருவரும் சிரிப்போம், மறுபடி செய்வோம். கடைசியில் நான் சொல்லவே இல்லை. அவள் கவனிக்கவில்லை. சொல்லும்போதே கை இழுத்துவிடும், என் வார்த்தை காதில் விழுந்ததாக அவளே நினைத்துக்கொள்வாள். கையைப் பழக்கிவிட்டால் அப்புறம் மூளையைக் கேட்காது என்று கேப்டன் கண்ணப்பனே வகுப்பில் சொல்லியிருக்கிறார். நான் அவர் சொன்னதைத்தான் செய்தேன்.

சிமுலேட்டரில் அவள் சொல்லும் கடைசி எழுத்தோடு என் 'கன்ஃபர்ம்' ஒட்டிக்கொண்டே வரும். அங்கே நான் தப்பு செய்ய விடவில்லை. கருவியில் எந்த எஞ்சின் என்று தெரிந்த உடனேயே பக்கத்தை முணுமுணுத்துவிடுவேன், அவள் கை சரியாகப் போகும். கேப்டன் கண்ணப்பன் ஒரு தடவை மட்டும், "கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொல்லுங்கம்மா" என்றார். சரி சார் என்றோம். மறுநாள் அவரே, "ரெண்டு பேருக்கும் ஒரே மூச்சு" என்று மற்ற ஜோடிகளிடம் எங்களை உதாரணம் காட்டினார். அந்தப் பாராட்டில் பாதி என்னுடையது. அந்த ஒரு நாள்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

என் திட்டம் ரொம்பச் சின்னது, சார். இறுதித் தேர்வில் நான் முணுமுணுக்காமல், வாயைத் திறக்காமல் இருந்துவிட வேண்டும். அவள் காத்திருக்காமல் இழுப்பாள், அநேகமாகத் தப்பான பக்கத்தை. ஃபெயில் ஆவாள். யாருக்கும் அடிபடாது. பெட்டிதானே ஆடும். அவள் ஊருக்குத் திரும்பி வந்து, 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' வரிசையில் நிற்பாள்.

ஆனால் தேர்வு நாளன்று தேர்வாளர் ஒரு விஷயம் சொன்னார். ஒருத்தர் ஃபெயில் ஆனால் ஜோடி முழுக்க மறுபடி வர வேண்டும், தேதி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த மாதமே தோளில் பட்டை வேண்டும். அப்பா வரவேற்புக்கு மண்டபம் பார்த்துவைத்திருந்தார். எஞ்சின் நின்றது. நான் முணுமுணுத்தேன். அவள் சரியாகக் கை வைத்தாள், என் வார்த்தையும் சரியாக ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் பாஸ்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்வதற்கு வாய்ப்பும் வந்தது. பயணிகளோடு பறக்கப் போவதற்கு முந்தின நாள் அறையைக் காலி செய்துகொண்டிருந்தோம். சுவரிலிருந்து படத்தை உரித்துக்கொண்டே நிலா கேட்டாள்: "என் கை உனுக்குத்தான்டி தெரியும். எங்கனா கோணலா கீதா? இருந்தா இப்பவே சொல்லிடு. நாளைலேந்து ஜனங்க ஏறுவாங்க."

"ஒண்ணும் இல்லடி. சூப்பரா பண்ற" என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. அவள் சூப்பராகத்தான் பண்ணிக்கொண்டிருந்தாள். அதுதான் பிரச்சினையே. லூர்தம்மாள் கண் கலங்க எங்களுக்கு இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தார். கரண்டிகள் என் பையில் வந்துவிட்டன.

அதற்குப் பிறகு நான் அவளைப் பற்றி நினைக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நினைத்தேன். அவள் பறக்கும் நாட்களில் எங்காவது செய்தி வருகிறதா என்று போனைப் பார்ப்பேன். அது கவலைதான். ஒரே தெருக்காரி.

விபத்து நடந்த காலையில் எனக்கு விடுமுறை. வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டிவியில் எங்கள் கம்பெனியின் நிறம் தெரிந்தது, வயலில் கிடந்த வால் பகுதி. கிளம்பிய உடனே ஒரு எஞ்சின் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். துணை விமானி பெயரைப் பிறகுதான் சொன்னார்கள். நான் அதற்கு முன்பே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். கருப்புப் பெட்டியை நீங்கள் தேடி எடுத்து, சென்னைக்கும் டெல்லிக்கும் அனுப்பி, மாதக்கணக்கில் கேட்டுக் கண்டுபிடித்தது எனக்கு அந்த இட்லித் தட்டின் முன்னாலேயே தெரியும். நல்ல எஞ்சினை இழுத்துவிட்டாள். அவள் பக்கத்தில் இருந்து ஓட்டிய கேப்டன் இளம்பரிதி "இரு" என்று சொன்னது அதில் கேட்கிறது என்றீர்கள். அவர் வழக்கப்படி பார்த்துச் சொல்கிறவர். பார்ப்பதற்கு அவருக்கு அவள் நேரம் கொடுக்கவில்லை.

அவரோடு நானும் பறந்திருக்கிறேன். நல்ல மனிதர், டீயில் சர்க்கரை போட மாட்டார். அவருக்கும், முன் பக்கம் உட்கார்ந்திருந்த பயணிகளுக்கும் அப்படி ஆனதில் எனக்கு வருத்தம்தான். அவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

நிலா பிழைத்தாள். இடது கை மட்டும் முழங்கைக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன், மரகதம் அத்தையைக் கேட்டுப் பாருங்கள். கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். அப்படி ஒரு அமைதி எங்கள் இருவருக்குள்ளும் சின்ன வயதுக்குப் பிறகு அப்போதுதான் வந்தது. ஒரு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் வெயிட் பண்ணலடி. அவரு சொல்றதுக்குள்ள இழுத்துட்டேன். ஏன்னு எனக்கே தெர்ல. நாம ரூம்ல அவ்ளோ தபா பண்ணோமே, சசி."

"பயத்துல அப்டி ஆயிடும்டி" என்றேன். வாயைத் துடைத்துவிட்டேன்.

இதோடு விட்டிருப்பேன், சார். உங்களிடம் இவ்வளவு பேச வேண்டிய அவசியமே வந்திருக்காது. போன வாரம் ஊர் முகப்பில் மறுபடி ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'மீண்டு வா மகளே' என்று அவள் படம், பழையதைவிடப் பெரியது. செத்தவர்கள் வீட்டில் திட்டுகிறார்கள், டிவியில் திட்டுகிறார்கள், எங்கள் ஊரோ கையை இழந்த பெண் என்று அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுகிறது. திட்டும் அவளுக்கு, அழுகையும் அவளுக்கு. கீழே ஒரு வரிசை. என் பழைய படத்தையே போட்டிருக்கிறார்கள். அதே இடத்தில், பந்தல் கான்ட்ராக்டருக்கும் மொபைல் கடைக்காரருக்கும் நடுவில்.

நேற்று உங்கள் வரைவு அறிக்கையிலிருந்து படித்துக் காட்டினீர்கள். 'துணை விமானி நிலா, உறுதி வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை, காரணம் அறியப்படவில்லை.' இரவெல்லாம் அந்த வரியே ஓடியது. எத்தனை நாள் சாப்பாட்டைத் தள்ளிவைத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு கையிலிருந்து ஒரு மூச்சு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, கையின் சொந்தக்காரிக்கே தெரியாமல், எடுத்திருக்கிறேன். கேப்டன் கண்ணப்பனால் கண்டுபிடிக்க முடியவில்லை, தேர்வாளரால் முடியவில்லை, உங்களால் முடியவில்லை. அவளாக அதைச் செய்திருக்கவே முடியாது. அதையும் அவள் பெயரில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவள் மேல் பழி வரக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் வந்து சொல்கிறேன். சிநேகிதி என்றால் இதைக்கூடச் செய்யாமல் எப்படி. கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்துகொடுங்கள். அந்த விமானத்தை விழவைத்தது சசிரேகா, தசரதன் மகள் என்று முதல் வரியில் பெரிய எழுத்தில் வரட்டும். நிலாவின் பெயரைப் போட்டே ஆக வேண்டுமென்றால், கீழே எங்காவது சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.